கார்த்திகை மழையில் அழுகிய அடீனியங்கள்: ஒரு மொட்டை மாடி நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2023 வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையின் தென்பகுதியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. செடிகளுக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. தெருவில் எல்லாரும் கூப்பிடுவதுபோல் நானும் டீச்சர் என்றே எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், வீட்டை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

மாடியில் இருந்தவை 23 அடீனியம் தொட்டிகள். நர்சரிகளில் பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். அரளிக் குடும்பத்துச் செடி. அடித்தண்டு பருத்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அந்தப் பருத்த பகுதியை வளர்ப்பவர்கள் காடெக்ஸ் என்பார்கள், டீச்சர் கிழங்கு என்பார், நானும் கிழங்கு என்றே சொல்கிறேன். 23இல் ஒன்று மட்டும் விதையிலிருந்து வளர்ந்த பழைய செடி. ஒற்றை அடுக்கு இளஞ்சிவப்புப் பூ, சிமெண்ட் தொட்டி, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தால்கூட அடங்காத கிழங்கு. மற்றதெல்லாம் கடந்த சில வருடங்களில் வாங்கிய ஒட்டுச் செடிகள், தாய்லாந்து, தைவான் பக்கத்திலிருந்து வந்த இரட்டை அடுக்கு, மூன்றடுக்கு ரகங்கள்.

வளர்ப்பு முறை நம்மூரில் பெரும்பாலானவர்கள் செய்வதுதான். செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஜல்லி. மாடித் தளத்தில் கறை படியக்கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்குக் கீழும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. நர்சரியிலிருந்து வந்த செடியைச் சிறு தொட்டியிலிருந்து வேர் உருண்டை கலையாமல் அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில் வைத்து, சுற்றிலும் இந்த மண் கலவையைப் போட்டு மூடியிருந்தார். வேரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த உருண்டை முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு, அதாவது கோகோபீட். பின்னால் நடந்ததில் பெரும்பங்கு அதற்கு உண்டு.

வெயில் காலங்களில் இந்தச் செடிகள் அருமையாக இருந்தன. மே மாதத்தில் மாடியே பூவாக இருக்கும் போட்டோக்களைக் காட்டினார். அதனால் மண் கலவையில் தவறு இருக்கும் என்று யாரும் சந்தேகப்பட வாய்ப்பே இல்லை.

## இந்தச் செடிக்கும் நம் மழைக்கும் உள்ள பொருத்தமின்மை

"அடீனியத்துக்குத் தண்ணீர் ஆகாது" என்று ஒரு வாக்கியம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது பாதி உண்மைதான், அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் பலர் வெயிலில் செடியைக் காயப் போட்டு மழையில் கோட்டை விடுகிறார்கள்.

அடீனியம் ஒபீசத்தின் சொந்த ஊர் சகாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து சூடான் வரை நீளும் வறண்ட பட்டை, கிழக்கே எத்தியோப்பியா, கென்யா, கடல் தாண்டி யேமன், ஓமன். சஹேல் என்று சொல்லும் அந்தப் பட்டையில் மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அதாவது நல்ல வெப்பத்தோடு சேர்ந்து வருகிறது. செடி அப்போது முழு வேகத்தில் வளர்கிறது, தண்ணீரை இழுத்துக் குடிக்கிறது. அதன் பிறகு வருகிற குளிர்ச்சியான மாதங்கள் அங்கே காய்ந்த மாதங்கள். இலையை உதிர்த்துவிட்டுச் செடி தூங்கும், வேரைச் சுற்றி ஈரமே இருக்காது.

நம் கடற்கரைப் பக்கம் இது அப்படியே தலைகீழ். சென்னையின் வருட மழை சுமார் 140 செ.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. பகல் குறைகிறது, வெயில் இல்லை, டிசம்பரில் இரவு வெப்பம் 22 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நமக்கு அது குளிரே இல்லை, ஆனால் அடீனியத்தின் வேர் மந்தமாக அது போதும். செடி குடிப்பதைக் குறைக்கிற அதே மாதங்களில்தான் தண்ணீர் வந்து குவிகிறது. இந்தச் செடி மழைக்குப் பயந்தது அல்ல, ஜூலையில் மாலை நேரத்தில் வெளுத்து வாங்கும் மழை இதற்கு ஒன்றும் செய்யாது. குளிர்ச்சியும் ஈரமும் ஒன்றாக, அதுவும் நாள்கணக்கில் வரும்போதுதான் அழுகுகிறது. டீச்சர் வீட்டில் நடந்தது எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் புரியும்.

## அக்டோபர் முதல் டிசம்பர் முதல் வாரம் வரை

அக்டோபர் கடைசியில் மழை தொடங்கியது. மழை பெய்யாத நாட்களில் டீச்சர் விரலால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மேல்மண் மணல் கலந்தது, சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே இருந்த நார் உருண்டை காயவில்லை. இரண்டு வேறு வகைக் கலவை ஒரே தொட்டிக்குள் இருக்கும்போது, பஞ்சு போன்றது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பக்கத்து மணலுக்குக் கொடுக்காது. நவம்பர் நடுவிலேயே சில செடிகளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பருவம் மாறுகிறது, இலை உதிரும் காலம் என்று விட்டுவிட்டார். அதுவும் நியாயமான எண்ணம்தான், ஏனென்றால் இந்த மாதத்தில் இலை உதிர்வது சகஜம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. இரண்டு நாளில் நகரின் பல இடங்களில் 40 செ.மீ.யை ஒட்டியும் தாண்டியும் பெய்தது. தெருவில் தண்ணீர், வீட்டில் மின்சாரம் இல்லை. டீச்சர் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. போவதற்கு முன் அந்த நிலைமையிலும் மாடிக்கு ஏறி, தனக்கு மிகவும் பிடித்த ஏழு செடிகளைத் தூக்கி மாடிப்படி அறைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டுகளோடு சேர்த்து. கதவையும் சாத்திவிட்டு.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்த ஏழு செடிகளிலும் இலைகள் தொங்கிக் கிடந்தன, கிழங்கைத் தொட்டால் மெத்தென்று இருந்தது. "ஒரு வாரமா தண்ணியே இல்லாம வாடிப்போச்சேன்னு ஊத்தினேன் தம்பி" என்றார். தண்ணீரோடு கொஞ்சம் பஞ்சகவ்யாவும் கரைத்து ஊற்றியிருந்தார், தெம்பு வரட்டும் என்று. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் ஒரு செடி அடியோடு சாய்ந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக என்னைக் கூப்பிட்டார்கள்.

## பார்த்தது

முதலில் மாடியை ஒரு சுற்று சுற்றினேன். மழைநீர் வடியும் குழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தன, அந்த மூலையில் தளத்தில் இன்னும் விரலளவு தண்ணீர் நின்றது. பழைய பெரிய செடியின் சிமெண்ட் தொட்டி அந்த மூலையில்தான் இருந்தது. வெளியே இருந்த தட்டுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருந்தது, சிலவற்றில் கொசுப்புழு.

அப்புறம் ஒவ்வொரு செடியையும் கையால் பார்த்தேன். அடீனியத்தில் கண்ணால் பார்ப்பது ஏமாற்றும், விரல்தான் சரி. கிழங்கைச் சுற்றிலும் நான்கு பக்கமும், மண்ணை ஒட்டிய இடத்திலும், கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் பற்றாத செடியின் கிழங்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தளர்ந்திருக்கும், தோல் லேசாகச் சுருங்கியிருக்கும், அழுத்தினால் ரப்பர் மாதிரி திரும்பி வரும். அழுகும் செடி அப்படி இல்லை. ஒரு பக்கம் கல்லாக இருக்கும், இன்னொரு பக்கம் விரல் உள்ளே போகும், தோல் நிறம் ஒரு சாயல் கறுத்திருக்கும், சில சமயம் அழுத்தின இடத்தில் பழுப்பு நீர் கசியும். இன்னொரு நிலையும் உண்டு, டீச்சரைக் குழப்பியது அதுதான்: கிழங்கு இன்னும் அழுகவில்லை, ஆனால் வேரெல்லாம் அழுகிவிட்டது. வேர் இல்லாததால் செடியால் குடிக்க முடியாது. ஈரத்தின் நடுவிலேயே அது தாகத்தில் வாடும், பார்ப்பதற்கு அச்சு அசலாகத் தண்ணீர் இல்லாத செடி போலவே இருக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றினால் மிச்ச வேரும் போய்விடும்.

எண்ணிப் பார்த்ததில் ஒன்பது செடிகளின் கிழங்கு கெட்டியாக இருந்தது. எட்டில் வேர் போயிருந்தது, கிழங்கு தப்பியிருந்தது. ஆறில் கிழங்கே அழுகத் தொடங்கியிருந்தது. அந்த ஆறில் ஐந்து மாடிப்படி அறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டவை. ஆறாவது அந்தப் பெரிய செடி.

புயலில் வெளியே நனைந்த செடிகளைவிட உள்ளே பாதுகாத்தவைதான் மோசமாகப் போனது என்பதை டீச்சரால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் காரணம் தெளிவாகவே இருந்தது. உள்ளே வைத்த நேரத்தில் அவை ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்தன. வெளியே மழை விட்டதும் காற்று அடித்தது, இடையிடையே வெயில் வந்தது, தொட்டிகள் கொஞ்சமாவது காய்ந்தன. அறைக்குள் காற்றும் இல்லை வெளிச்சமும் இல்லை, தட்டில் தண்ணீர் வேறு. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தட்டுகளை எல்லாம் அன்றே எடுத்தது, வடிகாலைச் சுத்தம் செய்தது, தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றியது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது, கிழங்கு கெட்டியாக இருந்த ஒன்பதையும் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். டிசம்பரில் வேர் மந்தமாக இருக்கும், நல்ல வேரைக் கிளறினால் காயம் ஆறாது, ஆறாத காயத்தில் கிருமி புகும். அதனால் கூரை ஓரமாக, மழை படாத, காற்று வருகிற இடத்துக்கு நகர்த்தி, தண்ணீரை முழுக்க நிறுத்தினோம். இதற்கான விலை பின்னால் தெரிந்தது.

மூன்றாவது, மீதி பதினான்கையும் அன்றே வெளியே எடுத்து மண்ணை உதறுவது. "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே" என்று டீச்சர் தயங்கினார். வேரழுகலில் இரண்டு நாள் என்பது பெரிய விஷயம். கிழங்குக்குள் ஏறிவிட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும், வெளியே இலை பச்சையாகவே இருக்கும்.

எடுத்தபோது ஒட்டுச் செடிகளின் தொட்டி எல்லாவற்றிலும் ஒரே காட்சி. வெளி மண் உதிரியாக, ஓரளவு ஈரத்தோடு. நடுவில் நர்சரித் தொட்டியின் வடிவம் மாறாமல் அந்த நார் உருண்டை, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. புதிய வேர்கள் பெரும்பாலும் உருண்டையை விட்டு வெளியே வந்திருக்கவே இல்லை. அடியில் போட்ட ஜல்லியும் உதவவில்லை. பொடிக் கலவையிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் லேசில் இறங்காது, மேலே இருக்கும் மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆக, ஜல்லி போட்டால் ஈரம் தேங்கும் அடுக்கு கீழேயிருந்து வேருக்குப் பக்கத்தில் மேலே ஏறுகிறதே தவிர, குறைவதில்லை. நல்ல வடிகால் வேண்டுமென்றால் தொட்டி முழுக்கக் கலவையே கரடுமுரடாக இருக்க வேண்டும்.

வேர் மட்டும் போன எட்டுச் செடிகளில் வேலை எளிது. கறுத்துக் கூழான வேரை இழுத்தால் தோல் கழன்று வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கும், அதையெல்லாம் கிழங்கு வரை வெட்டி எடுத்தோம். வெட்டின இடத்தில் பூஞ்சைக்கொல்லி பவுடரைத் தொட்டு வைத்தோம். கார்பெண்டாசிம் மட்டும் உள்ளதை வேண்டாம் என்றேன், பித்தியம், பைட்டோப்தோரா வகைக்கு அது வேலை செய்யாது. மேன்கோசெப் சேர்ந்த கலவை, கடையில் சாஃப் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பவுடர் துணைதான். அழுகலை நிறுத்துவது கத்தியும் உலர்ச்சியும்.

அப்புறம் உலர்த்துவது. அதே மாடிப்படி அறைதான், ஆனால் இந்தத் தடவை ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்து, கொடிக் கயிற்றில் செடிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பெடஸ்டல் ஃபேனைப் பகல் முழுக்க ஓட விட்டோம். சித்திரை வெயிலில் இந்தக் காயம் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மார்கழி ஈரக்காற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. செடியை இப்படி மண்ணில்லாமல் தொங்கவிட்டால் செத்துவிடாதா என்று டீச்சருக்குத் தினமும் கவலை. கிழங்கில் தண்ணீர் இருக்கும் வரை சாகாது, அதற்குத்தானே அது கிழங்கே வைத்திருக்கிறது.

வெட்டுகிற எல்லா வேலைக்கும் கையுறை போட வைத்தேன். அடீனியத்தின் சாறு விஷம், இதயத்தைத் தாக்கும் வகை. ஆப்பிரிக்காவில் அம்பில் தடவ இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரளிக்கு எவ்வளவு ஜாக்கிரதையோ அதே அளவு இதற்கும் வேண்டும். வெட்டிப் போட்ட துண்டுகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்கு அனுப்பினோம், மாடு மேயும் இடத்தில் போடவில்லை.

## பெரிய செடி

இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிமெண்ட் தொட்டியிலிருந்து எடுக்கவே மூன்று பேர் தேவைப்பட்டோம். மண்ணைக் கழுவியதும் தெரிந்தது, கிழங்கின் ஒரு பக்கம், தண்ணீர் தேங்கிய மூலையைப் பார்த்த பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. மற்ற முக்கால் பாகம் கல் மாதிரி.

கத்தியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக் கறுத்த இடத்தில் வைத்தபோது அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, அதுவாக இறங்கியது. உள்ளே பழுப்பு நிறக் கூழ், புளித்த மாவு கெட்டுப்போனால் வருகிற வாடை. கூழை ஸ்பூனால் வழித்து எடுத்த பிறகு மெல்ல மெல்ல சதை கெட்டியானது. முதலில் பழுப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. பலர் வெள்ளையைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. அந்த வெள்ளைச் சதையை உற்றுப் பார்த்தால் தோலுக்கு உட்புறமாக வளையம் போலச் சிறுசிறு பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் நீர் போகும் குழாய்கள், கிருமி முன்கூட்டியே அந்த வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைத்துவிட்டு, மெல்லிய சீவலாக எடுத்து, புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி சீவி. கடைசிப் புள்ளி மறைந்து, வெட்டுவாய் முழுக்கச் சுத்தமான வெள்ளையாகி, பிசுபிசுவென்று சாறு கசிந்த இடத்தில்தான் நிறுத்தினோம். அதற்குள் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

டீச்சர் ஒரு கட்டத்தில் உள்ளே போய்விட்டார். அவர் கணவர் இருந்தபோது வைத்த செடி அது.

இன்னொரு தீர்மானமும் இதில் இருந்தது: வெட்டின பள்ளத்தை எப்படி விடுவது. பள்ளமாக விட்டால் தண்ணீர் தேங்கும், மறுபடி அழுகும். அதனால் நல்ல சதையைக் கொஞ்சம் கூடுதலாகவே இழந்து, வெட்டுவாயைச் சரிவாக, தண்ணீர் வழிந்து ஓடும்படி செதுக்கினோம். கிளைகளையும் பாதியாகக் கழித்துவிட்டோம், வேரில்லாத செடி அவ்வளவு இலையைத் தாங்காது.

## ஒட்டு

மாடிப்படி அறைச் செடிகளில் இரண்டு மேல் கிளை வரை போயிருந்தன, எதுவும் செய்வதற்கில்லை. மூன்றில் கிழங்கு போனாலும் கிளை நுனிகள் சுத்தமாக இருந்தன. கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், ஆனால் விதைச் செடி மாதிரி அழகான கிழங்கு சீக்கிரத்தில் வராது. ரகத்தைக் காப்பாற்ற ஒட்டுக் கட்டுவதுதான் வழி. பெரிய செடி முந்தின வருடம் காய்த்த விதையில் முளைத்த நாற்றுகள் அதே மாடியில் ஒரு ட்ரேயில் இருந்தன, விரல் கனத்துக்கு வந்திருந்தன. அவற்றை வேர்ச்செடியாக எடுத்துக்கொண்டோம். நாற்றின் தலையைப் புது பிளேடால் சமமாக வெட்டி, கிளை நுனியையும் அதே போல் வெட்டி, தோலை ஒட்டிய பச்சை வளையங்கள் ஒன்றோடு ஒன்று சேரும்படி வைத்து, பிளாஸ்டிக் கவரைக் கீற்றாகக் கிழித்து மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டி, மேலே ஒரு பாலித்தீன் கவர் மாட்டி நிழலில் வைத்தோம்.

இதை டிசம்பரில் செய்தது வேறு வழியில்லாமல்தான். கிளைகள் அதிக நாள் தாங்காது. இரண்டு பிடித்தன, ஒன்று கறுத்துவிட்டது.

## அதன் பிறகு

பொங்கல் கழிந்து, வெயில் உறைக்க ஆரம்பித்ததும் உலர்ந்த செடிகளைப் புதுக் கலவையில் வைத்தோம். உடைத்த செங்கல் துண்டு, கழுவிச் சலித்த கரடுமுரடான மணல், அடுப்புக்கரித் தூள், கொஞ்சம் செம்மண், ஒரு கைப்பிடி மண்புழு உரம். எம்-சாண்ட் பயன்படுத்துபவர்கள் அதன் மாவைத் தண்ணீரில் அலசி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கோகோபீட் அறவே இல்லை. கிழங்கை முன்பைவிட உயர்த்தி, வேர் தொடங்கும் இடம் மட்டும் மண்ணுக்குள் இருக்கும்படி வைத்தோம். நட்டதும் தண்ணீர் ஊற்றவில்லை, பத்து நாள் போல விட்டுத்தான் முதல் தண்ணீர்.

வேர் போன எட்டில் ஏழு மார்ச்சுக்குள் துளிர்த்தன. ஒன்று துளிர்க்காமல் சுருங்கிக்கொண்டே போய்ப் பட்டுவிட்டது. பெரிய செடிதான் எங்களை ரொம்பக் காக்க வைத்தது, ஏப்ரல் வரை ஒரு அசைவும் இல்லை. டீச்சர் நகத்தால் கிளையைக் கீறிக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏப்ரல் கடைசியில் கழித்த கிளைகளின் ஓரத்தில் சிவப்பாக மொட்டு விட்டது. வெட்டின பக்கம் தக்கை மாதிரி இறுகிவிட்டது.

தோண்டாமல் விட்ட ஒன்பதில் ஒன்று ஜனவரி கடைசியில் சாய்ந்தது. தண்ணீர் நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் நடுவில் இருந்த நார் உருண்டை காயவில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் கனத்திலேயே தெரிந்திருக்கும். கிழங்கு கெட்டி என்பது மட்டும் போதாது, தொட்டி கனக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆக, 23இல் 16 செடிகள் தப்பின, போனவற்றில் இரண்டு ரகங்கள் ஒட்டில் மிஞ்சின. நல்ல கணக்கு என்றுதான் சொல்வேன், கிழங்கழுகலில் பொதுவாக இவ்வளவு மிஞ்சாது.

வெயில் ஏறியதும் நேர்மாறான ஒரு சிக்கல் வந்தது. டிசம்பர் பயத்தில் டீச்சர் மே மாதத்திலும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். துளிர் பொடித்து நின்றுவிட்டது, மொட்டு கருகி உதிர்ந்தது, சிலந்திப்பேன் பிடித்தது. "டீச்சர், இப்போ ஊத்தலாம், தினமும் ஊத்தலாம், அடியில வழியற வரைக்கும் ஊத்துங்க" என்று பல தடவை சொல்ல வேண்டியிருந்தது. புதுக் கலவையில், 38 டிகிரி வெயிலில், தினசரித் தண்ணீர் அதற்கு விருந்து. ஊற்ற ஆரம்பித்த இரண்டு வாரத்தில் இலை பளபளவென்று வந்தது. ஆகஸ்டில் அரளிப் புழு வந்து ஒரு ராத்திரியில் இரண்டு செடியை மொட்டையடித்தது. பச்சையாக, விரல் நீளத்தில், தலைப்பக்கம் நீலக் கண் போன்ற புள்ளிகளோடு இருக்கும். கையால் பொறுக்கி எடுத்தால் போதும், மருந்து தேவையில்லை, செடி மறுபடி துளிர்த்துவிடும்.

## அடுத்த மழைக்காலம்

2024 செப்டம்பரிலேயே தயாரானோம். மீதியிருந்த எட்டுச் செடிகளையும் வெயில் காலத்தில் எடுத்து நார் உருண்டையைக் களைந்து புதுக் கலவைக்கு மாற்றியிருந்தோம். மாடியின் ஒரு ஓரத்தில் இரும்புக் குழாய் நட்டு, மேலே மட்டும் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் ஷீட், பக்கங்கள் எல்லாம் திறப்பு. அக்டோபர் மழைக்கு முன்பே செடிகள் அதன் கீழே போயின, காய்ந்த நிலையில்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. சென்னையிலும் காற்றும் மழையும் பலமாக இருந்தன, சாரலில் செடிகள் நன்றாகவே நனைந்தன. டீச்சர் எதையும் உள்ளே தூக்கவில்லை. மறுநாள் மாலைக்குள் கலவை காய்ந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க ஒரு கிளை நுனி மட்டும் அழுகியது, வெட்டி எடுத்ததும் நின்றது.

## மாற்ற வேண்டியவை

நர்சரிச் செடி வாங்கினால் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வாங்குவது, வாங்கிய கையோடு நாரைக் கழுவி எடுத்துவிட்டு நடுவது. அக்டோபருக்குப் பிறகு வாங்கியே ஆக வேண்டும் என்றால் சிறு தொட்டியிலேயே விட்டு, கூரைக்கடியில் வைத்து, மாசியில் மாற்றுவது.

விரலால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. பெரிய தொட்டியைத் தூக்க முடியாது, அதற்கு ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி வைத்து, எடுத்துப் பார்த்தால் ஈரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் வாடின அடீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றும் முன் ஒரு தடவை கிழங்கை அழுத்திப் பார்ப்பது. சந்தேகம் இருந்தால் ஊற்றாமல் விடுவது. தாகத்தில் ஒரு வாரம் கிடந்தாலும் செடி பிழைக்கும்.

இதே நிலை மறுபடி வந்தால் கிழங்கு கெட்டியாக இருக்கும் செடிகளையும் சும்மா விடமாட்டேன். வேரைக் கிளறாமல், தொட்டியைச் சாய்த்து உருண்டையை முழுசாக வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளில் ஒரு ராத்திரி வைத்து ஈரத்தை உறிஞ்ச விட்டு, திருப்பித் தொட்டிக்குள் வைப்பேன். வேருக்குக் காயம் படாது, நாரில் தேங்கின தண்ணீரில் நல்ல பங்கு பேப்பருக்குப் போய்விடும். 2024 கார்த்திகையில் வேறொரு வீட்டில் இப்படிச் செய்த நான்கு செடிகளும் நன்றாக இருக்கின்றன.